கோர்ட்டுத் தையல்காரர் கேட்ட அரைத் தீர்ப்பு

கோர்ட்டு வாசலுக்கு நேர் எதிரே, ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் முத்திரைத்தாள் விற்பவரின் மேசைக்கும் நடுவில், பக்கவாட்டில் திரும்பினால்தான் ஆள் நுழையக்கூடிய ஒரு தையற்கடை இருக்கிறது. இருபத்தாறு வருஷமாக அங்கே தைக்கப்படுவது ஒரே உருப்படிதான்: வக்கீல்கள் போடும் கறுப்பு அங்கி. சட்டை, கால்சட்டை என்று யாராவது துணியோடு வந்தால் தையல்காரர் தலையைத் தூக்காமல், "அடுத்த தெருவுல பாருங்க" என்பார்.

அவரும் ஆரம்பத்தில் கால்சட்டைதான் தைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலையில் ஒரு வக்கீல், கோர்ட்டு கேட்டின் கொக்கியில் மாட்டித் தோளிலிருந்து இடுப்புவரை கிழிந்த அங்கியோடு ஓடி வந்தார். பத்து நிமிஷத்தில் வழக்கு. கழற்றி மாட்ட நேரமில்லை. தையல்காரர் அவரை நிற்க வைத்தே, உடம்போடு சேர்த்து ஊசியால் தைத்து அனுப்பினார். வக்கீல் ஜெயித்துவிட்டார். மறுநாள் ஆறு வக்கீல்கள் வந்தார்கள்.

புது அங்கி தைக்க அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு பழைய அங்கியை வாங்கி, தையல் தையலாகப் பிரித்து, தரையில் பரப்பி வைத்து, பின்கழுத்தில் அத்தனை மடிப்பும் எப்படி ஒரு சாண் பட்டைக்குள் அடங்குகிறது என்று பதினைந்து நாள் பார்த்தார். முதலில் தைத்ததைப் போட்டுக்கொண்ட வக்கீல் மழைக்கு மூடி வைத்த மோட்டார் சைக்கிள் மாதிரி இருந்தார். இரண்டாவதில் கை தூக்க முடியவில்லை. மூன்றாவது உடம்பில் கச்சிதமாக நின்றது. அதற்குப் பிறகு அவருக்கு அளவில் தப்பு வந்ததில்லை. துணியைப் பார்த்தே ஆளைச் சொல்வார். உட்காரும் இடம் பளபளத்தால் சிவில் வக்கீல், அக்குளில் கிழிந்தால் கிரிமினல் வக்கீல். இரண்டும் இல்லாமல் புதுசு போலவே இருந்தால் வழக்கே இல்லாதவர். அவரிடம் முன்பணம் வாங்கிக்கொள்வார்.

அந்தக் கோர்ட்டில் ஒரே நீதிபதிதான் காலையில் சிவிலும் மதியத்தில் கிரிமினலும் பார்ப்பார். அன்றைக்குச் சொல்ல வேண்டிய தீர்ப்புகளைப் பதினோரு மணிக்கு, மற்ற வேலைக்கு முன்னால் சொல்லிவிடுவது வழக்கம். தையல்காரர் பத்து ஐம்பத்தைந்துக்குத் தையல் இயந்திரத்தை மூடிவிட்டு, கழுத்தில் அளவு நாடாவோடு போய்க் கடைசி வரிசையில் நிற்பார். அங்கே வந்து போன ஜட்ஜுகள் எல்லோரும் சுருக்கமானவர்கள்தான், அப்போது இருந்த பழைய ஜட்ஜய்யா இன்னும் சுருக்கம். "வழக்கு தள்ளுபடி. காரணங்கள் எழுத்தில் உள்ளன." அடுத்தது. "குற்றம் நிரூபணமாகவில்லை. விடுதலை." அடுத்தது. கால் மணியில் எல்லாம் முடிந்துவிடும். தையல்காரர் கடைக்கு வந்து அளவு நோட்டைத் திறப்பார். இடது பக்கத்தில் அளவுகள் இருக்கும். வலது பக்கம் சும்மாதானே கிடக்கிறது என்று அன்றைய தீர்ப்புகளை ஒரு வரியில் எழுதி வைப்பார்.

ஒரு பக்கம்: "ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி வக்கீல். உயரம் 54, தோள் 18." எதிர்ப் பக்கம்: "பொது நடையில் சைக்கிள் நிறுத்தியது: நிறுத்தலாம், பூட்டக் கூடாது."

இப்படி எழுதி எழுதி அவர் குடியிருக்கும் தெருவில் அவருக்குச் சின்ன ஜட்ஜு என்ற பெயர் நிலைத்துவிட்டது. சாயந்திரம் அவர் வீட்டுக்கு வந்து கால் கழுவுவதற்குள் யாராவது நிற்பார்கள்.

"மாடி வீட்டம்மா துணி காயப் போட்டா எங்க தலையில சொட்டுது. இதுக்கு ஏதாச்சும் சட்டம் இருக்கா?"

தையல்காரர் கண்ணை மூடி ஒரு நிமிஷம் யோசிப்பார். "சொட்டலாம். ஊத்தக் கூடாது. மூணு வருஷத்துக்கு முந்தித் தீர்ப்பு ஆயிருக்கு."

வந்தவர் மாடி வீட்டில் போய் அதை அப்படியே சொல்வார். மாடி வீட்டம்மா அன்றிலிருந்து பிழிந்து காயப் போடுவார். யாரும் மேல்முறையீடு செய்ததில்லை.

அவர் மனைவிக்கு மட்டும் இது பிடிக்காது. அவர் வாசலில் கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்புச் சொல்லும்போதெல்லாம் உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்: "அந்த அங்கியக் கழட்டி வெச்சிட்டு வந்து சாப்பிடுங்க." அவர் போட்டிருப்பது பனியன்தான்.

தையல்காரருக்கு ஒரே தங்கை. தங்கை புருஷன் கொத்தனார். சுவர் எழுப்பினால் அதில் எலுமிச்சம்பழத்தை வைத்தால்கூட உருளாது என்று பேர் வாங்கியவர். அவருக்கு வெளிநாட்டில் இரண்டு வருஷ வேலை ஒன்று வந்தது. கம்பெனி எல்லாக் காகிதமும் வாங்கிக்கொண்டது. பாக்கி ஒன்றுதான்: இவர்மேல் வழக்கு எதுவும் இல்லை என்று போலீஸ் ஸ்டேஷனில் ஒரு சான்று. அது வந்தால் பயணம். வராவிட்டால் அந்த இடத்துக்கு அடுத்த ஆள்.

புருஷன் கிளம்பப் போகிறார் என்றதும் தங்கைக்குப் பழைய கவலை ஒன்று பெரிதாகிவிட்டது. அவள் துணி துவைக்கும் இடத்துக்கு நேராகப் பக்கத்து வீட்டு ஜன்னல். பக்கத்து வீட்டில் இருந்தவர் வாட்ச் ரிப்பேர்க்காரர். அந்த ஜன்னலோரம்தான் அவர் மேசை.

"எந்நேரமும் ஒத்தக் கண்ணுல கண்ணாடிய மாட்டிக்கிட்டு அங்கயே உக்காந்திருக்காரு."

"அடி, அது வாட்ச்சுக்குள்ள பாக்குற கண்ணாடி," என்றார் கொத்தனார்.

"வாட்ச்சுக்குள்ள பாக்குதோ, வாசல்ல பாக்குதோ, யாரு கண்டா? நீங்க இருக்கும்போது சரி. நாளைக்கு நான் தனியா இருப்பேன்."

"சரி சரி. போறதுக்கு முன்னாடி முடிச்சு விட்டுட்டுப் போறேன். எதுக்கும் மச்சானக் கேட்டுக்குவோம்."

மச்சானைக் கேட்டார்கள். தையல்காரர் கண்ணை மூடினார். இருபத்தாறு வருஷத்தில் ஜன்னல் வழக்கு எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. "ரெண்டு நாள் பொறு மாப்ளே. கோர்ட்டுல ஒரு ஜன்னல் கேஸ் ஓடுது. செவ்வாக்கிழமை தீர்ப்பு. கேட்டுட்டு வந்து சொல்றேன்."

அந்தத் திங்கட்கிழமைதான் பழைய ஜட்ஜய்யா மாற்றலாகிப் போய்ப் புது ஜட்ஜம்மா வந்து உட்கார்ந்தார், தீர்ப்புக்குக் காத்திருந்த கட்டுகளை அன்றிரவே படித்து முடித்தார். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குத் தையல்காரர் கடைசி வரிசையில் நின்றார். ஜட்ஜம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தண்ணீர் ஒரு மிடறு குடித்துவிட்டு, வாசிக்க ஆரம்பித்தார். வாதியின் வீட்டை ஒட்டிப் பிரதிவாதி ஜன்னல் வைத்திருக்கிறார். அதன் வழியே வாதியின் முற்றம் முழுக்கத் தெரிகிறது. வாதியின் வீட்டுப் பெண்கள் முற்றத்தில் நடமாட முடியவில்லை. தனக்குச் சொந்தமான நிலத்தில் சுவர் எழுப்பி அந்த ஜன்னலை அடைத்துக்கொள்ள வாதிக்கு முழு உரிமை உண்டு.

இப்படியே இருபத்தைந்து நிமிஷம் போயிற்று. தையல்காரருக்கு மனசு குளிர்ந்தது. இவ்வளவு விளக்கமான தீர்ப்பை அவர் கேட்டதே இல்லை. அப்போது யாரோ அவர் சட்டைக் கையை இழுத்தார்கள். ஒல்லி வக்கீல். எந்த அங்கி போட்டாலும் தோளிலிருந்து நழுவி முழங்கையில் வந்து நிற்கிற உடம்பு.

"பன்னெண்டு மணிக்கு என் கேஸ் இருக்கு. தோளப் பிடிச்சுத் தரேன்னீங்களே?"

தையல்காரர் கடைக்குத் திரும்பி, தோளைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, நோட்டைத் திறந்து எழுதினார்: "ஜன்னல்: அடைக்கலாம்." சாயந்திரம் மாப்பிள்ளையிடமும் அதையே சொன்னார்.

புது ஜட்ஜம்மாவின் முறை வேறு என்பது அவருக்குத் தெரியாது. அந்தம்மா முடிவை முதலில் சொல்வதில்லை. வழக்குப் போட்டவர் என்ன சொல்கிறார் என்பதை முதலில் வாசிப்பார், பிறகு எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது, பிறகு சாட்சிகள், எல்லாம் ஆன பிறகுதான் கோர்ட்டு என்ன சொல்கிறது. தையல்காரர் கேட்டது முழுக்க வழக்குப் போட்டவரின் புலம்பல். அவர் வெளியே போன பிறகு, அந்த ஜன்னல் முப்பது வருஷமாக அங்கே இருக்கிறது என்றும், அத்தனை காலம் வந்த வெளிச்சத்தை இப்போது அடைக்க முடியாது என்றும் சொல்லி ஜட்ஜம்மா வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் கொத்தனார் வேலையைத் தொடங்கினார். தன் இடத்திலேயே, ஜன்னலுக்கு நாலு விரல் தள்ளி, கம்பியைத் தொடாமல், கண்ணாடியில் ஒரு பொட்டு சிமெண்டு தெறிக்காமல் கட்டினார். உள்ளே வாட்ச்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். நாலரைக்குச் சுவர் ஜன்னலைத் தாண்டி ஒரு முழம் உயர்ந்து நின்றது.

வாட்ச்காரர் நாலே முக்காலுக்குக் கண் விழித்தார். கும்மிருட்டு.

"ஏண்டி, ராத்திரி ஆகுறவரைக்கும் மனுஷன எழுப்ப மாட்டியா?"

சமையலறையிலிருந்து மனைவி, "இப்பதான டீக்கே தண்ணி வெச்சிருக்கேன்," என்றார்.

அவர் விளக்கைப் போட்டார். சுவரில் மாட்டியிருந்த பதினோரு கடிகாரங்களும் நாலே முக்கால் காட்டின. ஒன்று கெடலாம், இரண்டு கெடலாம். பதினோரு கடிகாரம் ஒரே நேரத்தில் நின்றுபோனதாக அந்தத் தொழிலில் யாரும் கேள்விப்பட்டதில்லை. ஒவ்வொன்றாகக் காதில் வைத்துப் பார்த்தார். எல்லாம் ஓடின. ஒன்பதாவதை மாட்டும்போதுதான் சந்தேகம் வந்து, ஜன்னல் கதவைத் திறந்து கையை வெளியே நீட்டினார். விரல் நாலும் ஈர சிமெண்டில் பதிந்தன. மறுநாள் அது காய்ந்து, பிற்பாடு வழக்கில் முக்கியமான தடயம் ஆயிற்று.

"யார்ரா இது என் ஜன்னல்ல சமாதி கட்டினது?"

"உங்க ஜன்னல்ல ஒண்ணும் கட்டலீங்க, எங்க எடத்துல கட்டியிருக்கேன்," என்று கொத்தனார் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மரியாதையாகச் சொன்னார். "கோர்ட்டே சொல்லிருச்சு."

"எந்தக் கோர்ட்டு?"

"எங்க மச்சான் கேட்டுட்டு வந்தாரு."

வாட்ச்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்குப் போனார். வேண்டுமென்றே நஷ்டம் விளைவித்ததாக வழக்குப் பதிவாயிற்று. அதே ஸ்டேஷனில், அதே மேசையில், கொத்தனாரின் சான்று விண்ணப்பமும் இருந்தது. எழுத்தர் அதை எடுத்து அடியில் வைத்துவிட்டார்.

மறுநாள் காலை ஒல்லி வக்கீல் கடைக்கு வந்தார். தையல்காரர் நடந்ததைச் சொல்லி, "கவலையில்ல, தீர்ப்பு நம்ம பக்கம் இருக்கு. போன செவ்வாக்கிழமை வந்த ஜன்னல் கேஸ்," என்றார்.

"அது தள்ளுபடியாச்சே."

"எது?"

"ஜன்னல் கேஸ். அடைக்கக் கூடாதுன்னு."

தையல்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். சாயந்திரத்துக்குள் ஒல்லி வக்கீல் தீர்ப்பின் நகல் ஒன்றைப் பார்க்கக் கொண்டுவந்து கொடுத்தார். பத்தொன்பது பக்கம். தான் கேட்டது எதுவரை என்று தையல்காரர் விரல் வைத்துத் தேடினார். ஏழாம் பக்கத்தின் நடுவில் விரல் நின்றது.

கொத்தனார் உடனே கடப்பாரையைத் தூக்கினார். ஒல்லி வக்கீல் குறுக்கே நின்றார். "தொடாதீங்க. அது இப்ப சுவரு இல்ல, வழக்குச் சொத்து. இடிச்சா தடயத்த அழிச்சீங்கன்னு இன்னொரு கேஸ் வரும்."

ஆகக் கட்டினவருக்கும் சுவர் வேண்டாம், அடைபட்டவருக்கும் வேண்டாம். கோர்ட்டுக்கு மட்டும் வேண்டும். வாட்ச்காரர் மேசையைத் தூக்கி வாசற்படியில் போட்டுக்கொண்டார். காற்றடித்தால் ஒரு திருகு பறக்கும். அதை எடுக்கத் தெருவில் குனிந்தால் சைக்கிள் மணி அடிக்கும். இப்படி நாலு வாட்ச்சு பாதி பாதியாகக் கிடந்தன. கொத்தனாரின் கம்பெனி முதலில் ஒரு மாதம் பொறுத்தது, பிறகு இன்னொரு மாதம். கடைசியாக, இருபதாம் தேதிக்குள் சான்று வராவிட்டால் வேறு ஆளை அனுப்புவதாக எழுதிவிட்டது.

நல்லவேளையாகப் புது ஜட்ஜம்மா வாய்தா கொடுப்பதில் கஞ்சம். மூன்றாவது மாதத்திலேயே விசாரணை வந்தது. அதற்கு முதல் நாள் ஒல்லி வக்கீல் கடையில் நின்று, தோளை இழுத்து விட்டுக்கொண்டே விளக்கினார்.

"உங்க மாப்பிள்ளை கட்டினது உண்மை. அத மறைக்க முடியாது. கெடுதல் பண்ணணும்னு கட்டல, தனக்கு உரிமை இருக்குன்னு நம்பிக் கட்டினாருன்னு காட்டணும். நம்ப வெச்சது யாரு?"

"நான்."

"அவ்வளவுதான். நீங்க எவ்வளவுக்கெவ்வளவு தப்பா சொன்னீங்களோ, அவ்வளவுக்கவ்வளவு அவருக்கு நல்லது. அந்த நோட்டையும் குடுங்க, அரசு வக்கீலுக்கு இன்னைக்கே காட்டணும்."

தையல்காரருக்கு முகம் சுண்டிப்போயிற்று. "தப்பாச் சொன்னேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லணுமா? எனக்கு அங்கி தைக்கக் கொடுக்குறவங்க பூரா அங்கதான் உக்காந்திருப்பாங்க."

அன்று சாயந்திரம் தங்கை வந்து வாசலிலேயே நின்றாள். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை.

"அண்ணே, நாளைக்கு நீ கெட்டிக்காரன்னு காட்டிக்கிறதுக்குப் போகாத."

"நான் எப்படி காட்டிக்குவேன்?"

"எனக்குத் தெரியாதா? மூணாங் கிளாஸ்ல தப்பா கணக்குப் போட்டு, வாத்தியாருதான் தப்புன்னு ஒரு வாரம் சண்ட போட்டவன் நீ. அவரு போகலன்னா நான் உன் வாசப்படி மிதிக்க மாட்டேன். ஆமா."

உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுத்தார்: "அப்படியே உங்க அண்ணன் கழட்ட வேண்டியதயும் கழட்டிட்டுப் போகச் சொல்லு."

விசாரணை அன்று கோர்ட்டில் உட்கார இடமில்லை. சின்ன ஜட்ஜு கூண்டில் ஏறுகிறார் என்று தெருவே வந்துவிட்டது. ஒல்லி வக்கீல் அளவு நோட்டைச் சான்றாகக் கொடுத்தார். ஜட்ஜம்மா அதை வாங்கி, சம்பந்தப்பட்ட பக்கத்தைத் திறந்து, தன் வழக்கப்படி முதல் வரியிலிருந்து வாய்விட்டு வாசித்தார்.

"'அரசு வக்கீல். உயரம் ஐம்பத்தாறு. தோள் பத்தொன்பது. வயிறு நாற்பத்தாறு. நாற்பது என்று எழுதச் சொன்னார்.'"

அரசு வக்கீல் எழுந்து நின்றார். எழுந்து நின்றதே சான்றுக்கு வலுச் சேர்த்தது. கோர்ட்டு குலுங்கியது. "சைலன்ஸ்!" என்று டவாலி கத்தினார், பாதி கத்தும்போதே அவருக்கும் அடக்க முடியவில்லை.

"எதிர்ப் பக்கம்தாங்கம்மா சான்று," என்றார் ஒல்லி வக்கீல்.

"'ஜன்னல்: அடைக்கலாம்,'" என்று வாசித்து நோட்டை வைத்தார் ஜட்ஜம்மா. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

அரசு வக்கீல் குறுக்கு விசாரணைக்கு வந்தார். கோபமாக வருவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் சிரித்த முகத்தோடு வந்தார்.

"ஐயா, உங்கள உங்க தெருவுல என்னன்னு கூப்பிடுவாங்க?"

"தையல்காரர்னு."

"சும்மா சொல்லுங்க."

"சின்ன ஜட்ஜுன்னு சொல்லுவாங்க."

"இந்த நோட்டுல நானூத்தி பன்னெண்டு தீர்ப்பு எழுதியிருக்கீங்க. நேத்து என் ஜூனியர விட்டுப் பதிவேட்டோட ஒத்துப் பாத்தேன். ஜன்னலத் தவிர ஒண்ணுகூடத் தப்பில்ல. 'ஆடு மேய்ந்தது: ஆட்டுக்காரர் பொறுப்பு.' சரி. 'கையெழுத்துப் போட்டது போலி: விடுதலை.' சரி. இந்தக் கோர்ட்டுல வக்கீல்களுக்கே இவ்வளவு ஞாபகம் கிடையாது."

தையல்காரரின் முதுகு தானாக நிமிர்ந்தது. இருபத்தாறு வருஷம் கடைசி வரிசையில் நின்றவரின் எழுத்தை, முதல் வரிசை திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு மூத்த வக்கீல் பக்கத்தில் இருந்தவரிடம் "பரவாயில்லையே" என்றது அவர் காதில் விழுந்தது.

"இப்படிப்பட்டவரு ஒரே ஒரு ஜன்னல்ல மட்டும் தப்புப் பண்ணுவாரா?" அரசு வக்கீல் குரலில் தேன் வடிந்தது. "நீங்க தீர்ப்பச் சரியாத்தான் கேட்டீங்க. மாப்பிள்ளைகிட்டயும் சரியாத்தான் சொன்னீங்க, அடைக்கக் கூடாதுன்னு. அவரு கேக்காம கட்டிட்டாரு. இப்ப அவரக் காப்பாத்த, நீங்க முட்டாள்னு நீங்களே ஒத்துக்க வந்திருக்கீங்க. உங்க அறிவுக்கு இது அடுக்குமா? சும்மா 'ஆமா'ன்னு சொல்லுங்க."

தையல்காரர் எதிரே பார்த்தார். குற்றவாளிக் கூண்டில் கொத்தனார், கூண்டின் கட்டை நேராக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் கையை அதன்மேல் வைத்து நின்றார். அவர் பின்னால் தங்கை விரலைக் கடித்துக்கொண்டிருந்தாள். 'ஆமா' என்ற சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதைச் சொன்னால் தெருவில் பெயர் நிற்கும். மாப்பிள்ளையின் பயணமும் நின்றுவிடும்.

"இல்லீங்க," என்றார்.

"என்ன இல்ல?"

"எனக்கு அறிவெல்லாம் இல்லீங்க. பாதியில வெளிய போயிட்டேன்."

"ஒரு நாள் பாதியில போனீங்களாக்கும்?"

"ஒரு நாள் இல்லீங்க. இருபத்தாறு வருஷமா பாதிதான். முந்தி இருந்த ஐயாமாருங்க எல்லாரும் முடிவ முதல்ல சொல்லிருவாங்க. நான் அதக் கேட்டுட்டு வந்துருவேன். காரணத்த ஒரு நாள்கூட நின்னு கேட்டதில்ல. அந்த நானூத்தி பன்னெண்டுல எத வேணா எடுத்து ஏன்னு கேளுங்க. எனக்கு ஒண்ணுகூடத் தெரியாது."

"ஏன்னு தெரியாமத்தான் ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொன்னீங்களா?"

"ஏன்னு யாரும் கேக்கலீங்க."

முதல் வரிசையில் ஒரு இருமல். ஜட்ஜம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "அதைத் திரும்பச் சொல்லுங்க," என்றார். தையல்காரர் திரும்பச் சொன்னார். ஜட்ஜம்மா ஒவ்வொரு சொல்லாக எழுதிக்கொண்டார்.

"நான் வாசிக்கும்போது எந்த இடத்துல வெளிய போனீங்க?"

"ஏழாம் பக்கம் நடுவுலம்மா. அதுவரைக்கும் ரொம்ப நல்லா இருந்துச்சு."

பதினெட்டாம் தேதி தீர்ப்பு. அன்று கடையில் மூன்று அங்கிகள் காத்திருந்தன. தையல்காரர் பூட்டிவிட்டு வந்து தங்கை பக்கத்தில் உட்கார்ந்தார். ஜட்ஜம்மா கண்ணாடியைத் துடைத்தார், தண்ணீர் குடித்தார், ஆரம்பத்திலிருந்து ஆரம்பித்தார். குற்றம் சாட்டப்பட்டவர், முறையீட்டாளர் உறங்கிய நேரம் பார்த்து, அவருடைய பிழைப்புக்கு ஆதாரமான வெளிச்சத்தை ஈவிரக்கமின்றி அடைத்தார் என்று போலீஸ் சொல்வதை அந்தம்மா வாசிக்க வாசிக்கத் தங்கை அண்ணனை ஒட்டி நகர்ந்தாள். வாட்ச்காரரே ஒரு கட்டத்தில் பாவமாகத் திரும்பிப் பார்த்தார். தான் கொடுத்த புகார் இவ்வளவு கொடுமையாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலிருந்தது. ஒரு மணி நேரமாயிற்று. பெஞ்சின் ஓரத்திலிருந்த ஒரு கிழவர் இரண்டு முறை தூங்கி விழித்தார்.

பதினான்காம் பக்கத்தில் தையல்காரரின் முறை வந்தது. "இந்தச் சாட்சி உண்மை பேசுகிறவர் என்பதில் இந்த நீதிமன்றத்துக்குச் சந்தேகமில்லை. அவருக்குச் சட்டம் தெரியும் என்பதில் மட்டுமே சந்தேகம் இருந்தது. அதையும் அவரே தீர்த்து வைத்தார்." அவர் பேச்சை நம்பித்தான் குற்றம் சாட்டப்பட்டவர் சுவர் எழுப்பினார், ஒரு கண்ணாடியைக்கூட உடைக்காமல் கட்டிய கை, கெடுதல் நினைத்துக் கட்டிய கையாக இருக்க முடியாது, ஆகவே விடுதலை.

தங்கை அண்ணன் கையைப் பிடித்த பிடியில் அளவு நாடா கசங்கியது.

வாட்ச்காரர் எழுந்து நின்றார். "அம்மா, அப்ப சுவரு?"

"சுவர் கேள்வி இந்த வழக்கில் இல்லை. அதுக்கு நீங்க தனியா ஒரு சிவில் வழக்குப் போடணும்."

வாட்ச்காரரும் கொத்தனாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று மாதத்தில் முதல் தடவை.

"வழக்கெல்லாம் வேணாங்கய்யா," என்றார் கொத்தனார். "நாளைக்குக் காலையில கடப்பாரையோட வரேன்."

"கடப்பாரை வேணாம். அதிரும். மேசைய உள்ள போட்டுட்டேன்னா திருகெல்லாம் ஆடிப்போகும்."

"அப்ப உளி வெச்சு ஒவ்வொரு கல்லா எடுக்கறேன்."

மறுநாள் காலையிலேயே ஸ்டேஷனில் சான்று கிடைத்துவிட்டது, அதைக் கம்பெனியில் கொடுத்துவிட்டு வர மதியமாயிற்று. சாயந்திரம் ஆறு மணிக்குக் கொத்தனார் கிளம்ப வேண்டும். மதியம் ஒரு மணிக்கு மேலே இருந்து கல்லை எடுக்கத் தொடங்கினார். உள்ளே வாட்ச்காரர் பதறினார்.

"தூசி! ஒரு துளி உள்ள வந்துச்சுன்னா பதினேழு வாட்ச்சும் போச்சு!"

ஜன்னலை மறைக்க அந்த வீட்டில் இருந்த போர்வை எதுவும் போதவில்லை. தையல்காரர் கடைக்கு ஓடி, நாலு மீட்டர் அங்கித் துணியை எடுத்து வந்தார். ஆணி அடிக்க வாட்ச்காரர் விடவில்லை, அதிருமாம். ஆகவே தையல்காரர் ஜன்னலுக்கு உட்பக்கம் நின்று, துணியை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். வெளியே உளிச் சத்தம் கேட்டது. அவர் பின்னால் வாட்ச்காரர் விளக்கு வெளிச்சத்தில் மூடிகளை மூடிக்கொண்டிருந்தார்.

"கை வலிக்குதா?"

"இல்லீங்க. அங்கி பிடிச்ச கைதான."

மூன்றரைக்கு உளிச் சத்தம் நின்றது. வெளியே கல் அடுக்கும் சத்தமும் நின்றது. தண்ணீர் ஊற்றிக் கழுவும் சத்தம் கேட்டு, அதுவும் ஓய்ந்தது. உள்ளே மட்டும் இருட்டு மாறவில்லை.

"என்னங்க, இன்னும் முடியலியா?" என்றார் வாட்ச்காரர். "நேரமாகுது."

"பொறுங்க. முடிஞ்சா மாப்ள சொல்லுவான்."

வெளியே கொத்தனார், உள்ளே இருப்பவர்கள் தாங்களாகத் திறப்பார்கள் என்று முகம் கழுவித் தலை வாரிக்கொண்டிருந்தார். தங்கை பெட்டியைத் திணறித் திணறித் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தவள், ஜன்னலில் இன்னும் கறுப்புத் துணி நிற்பதைப் பார்த்தாள். நேராகப் போய் ஒரு விரலால் துணியைக் குத்தினாள். விரல் அண்ணன் வயிற்றில் போய் நின்றது.

"அண்ணே, சுவரு போயி அரை மணி நேரமாச்சு. நீதான் அடைச்சுக்கிட்டு நிக்குற."

துணி இறங்கியது. வெளிச்சம் வந்த வேகத்தில் வாட்ச்காரர் கண்ணைப் பொத்திக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே கொத்தனார் புதுச் சட்டையில் நின்றார்.

"வரட்டுமா மச்சான்?"

"போயிட்டு வா மாப்ளே. அங்க போயி எதயாவது கட்டறதுக்கு முன்னாடி..."

"உங்களக் கேக்கணுமா?"

"வேணாம், வேணாம்," என்றார் தையல்காரர் அவசரமாக. "அங்க யாரு முதலாளியோ அவரக் கேளு. அவரு பேசி முடிக்கிறவரைக்கும் நின்னு கேளு."